முதலிடத்தில் ஒரு முக்காலி

1

"கடை எதுவும் இல்லை. குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் ஓர் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து அளவு எடுக்கிறார். தையல் நன்றாக இருக்கிறது."

மூன்று நட்சத்திரம்.

இந்த வரிகளை நான் முதலில் படித்தது எங்கள் அலுவலகச் சுவரில், ஆள் உயர எழுத்தில். ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் சிறு நகரத்தில், ஏழு பேர் வேலை செய்யும் அலுவலகம் அது. கடைகளின் இணையப் பக்கங்களைக் கைபேசியில் ஒழுங்காகத் தெரியும்படி திருத்துவதும், யாராவது தேடினால் அவை மற்ற கடைகளுக்கு முன்னால் வந்து நிற்கும்படி செய்வதும் எங்கள் தொழில். அன்று கல்லறைக் கல் செதுக்கும் ஒருவர் வாடிக்கையாளராக வந்திருந்தார். எங்கள் முதலாளி யோர்க், இந்தியாவில் ஒரு கிராமத்துத் தையற்காரியையே முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள் என்று அவரிடம் பெருமையடித்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சுவரில் காட்டச் சொன்னார். நெய்வேலி கிராமம் இல்லை, மின் நிலையங்களும் சுரங்கங்களும் உள்ள நகரியம் என்று அவருக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். கிராமம் என்றால்தான் கதை விலைபோகிறது.

பக்கத்தைத் திறந்தேன். அன்று காலை யாரோ எழுதிய அந்தப் புதிய மதிப்புரை மேலே நின்றது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று யோர்க் கேட்டார்.

"தையல் நன்றாக இருக்கிறதாம்" என்றேன்.

கல்லறைக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான் சொன்னதே உண்மையாகிவிட்டது.

அந்தத் தையற்காரி என் அம்மா. அந்தக் குவார்ட்டர்ஸை என் பெற்றோர் மார்ச் மாதமே காலி செய்துவிட்டார்கள். இப்போது மே முடியப்போகிறது. மரத்தடியில் அம்மா என்ன செய்கிறாள்?

2

ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். விவரம் சொன்னால் சிரிப்பார்கள். நாய்க்கு முடி வெட்டும் கடையின் பக்கத்தில் "நாய்க்கு முடி வெட்ட" என்ற சொற்கள் எத்தனை முறை வரவேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதற்காக நான் எஞ்சினியரிங் படித்தேன். குறைவாக வந்தால் தேடுபொறிக்குப் புரியாது. அதிகமாக வந்தால் ஏமாற்றுகிறோம் என்று அது சந்தேகப்படும். சரியான அளவு எது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மாநாடு நடத்துகிறார்கள். அதைக் கேட்க எங்களையும் அனுப்புகிறார்கள். நானும் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். பள்ளியிலிருந்தே அப்படித்தான், யார் கரும்பலகைக்கு முன்னால் நின்றாலும் எழுதிக்கொள்வேன்.

அந்த வசந்தத்தில் ஒரு கலவரம் வேறு. கைபேசியில் சரியாகத் தெரியாத பக்கங்களை இனிப் பின்னுக்குத் தள்ளுவோம் என்று தேடுபொறிக்காரர்கள் அறிவித்தார்கள். அதுவரை தங்கள் பக்கத்தைத் தாங்களே திறந்து பார்த்திராத ரொட்டிக் கடைக்காரர்களும் பல் மருத்துவர்களும் ஏதோ கடை சீல் வைக்கப்படப்போவதுபோல் எங்களை அழைத்தார்கள். நாங்கள் செய்ததெல்லாம் வெட்டியதுதான். படத்தை வெட்டு, பத்தியை வெட்டு, எழுத்தைப் பெரிதாக்கு, கட்டைவிரல் எட்டும் இடத்தில் பொத்தானை வை. பிறகு பரிசோதனைப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் பச்சையோ சிவப்போ வரும். பச்சை வந்தால் கைதட்டுவோம்.

எங்கள் ஊரில் கரி எடுக்க வேண்டுமானால் அதன்மேல் கிடக்கும் மண்ணை முதலில் அள்ளிக் கொட்ட வேண்டும். என் அப்பா மைன்ஸில் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த மண் போகும் பெல்ட்டோடுதான் போயிற்று. ஆனால் அவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும், கரி கண்ணுக்குத் தெரிந்ததும் மண் வெட்டுவது நின்றுவிடும். நாங்கள் நிறுத்துவதே இல்லை. கல்லறைக்காரரின் பக்கத்தில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு அவர் எழுதியிருந்த நான்கு ஆறுதல் வரிகளையும் அன்று காலையே, மாதிரி காட்டுவதற்காக, நான்தான் நீக்கினேன். "பக்கம் கனக்கிறது" என்று காரணம் எழுதினேன். துக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பக்கம் அரை விநாடி முன்னதாகத் திறக்குமாம்.

3

அம்மா தைப்பது பள்ளிச் சீருடை. பிளாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறைதான் அவளுடைய கடை. பலகை கிடையாது. நிறுவனத்தின் வீட்டில் பலகை மாட்டக்கூடாது. ஏப்ரல் பிறந்தால் துணிப் பையோடு பெண்கள் பின்வாசல் வழியாக வருவார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வீட்டுக்காரர்கள் மாலையிலும், செகண்ட் ஷிப்ட் வீட்டுக்காரர்கள் காலையிலும் வருவார்கள்.

அவர்கள் அம்மாவைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பாவாடையின் கீழே, கால்சட்டையின் உள்ளே, நான்கு விரல் அகலத்துக்குத் துணியை மடித்துத் தைப்பாள். பிள்ளை வளர வளர ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே உடை இன்னொரு வருடத்துக்கு வரும். பிரித்த இடம் தெரியாதபடி தைப்பதுதான் அவளுடைய கைவேலை. மற்ற தையற்காரர்கள் அந்தத் துணியை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸில் இன்னும் சில மாதங்கள் இருக்க அனுமதி கிடைத்தது. வடக்குத்தில் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்ததும் போய்விட வேண்டும். நகரியத்தின் எல்லையை ஒட்டிய ஊர்தான் வடக்குத்து, ஆனால் பிளாக்கில் இருக்கும் பெண்களுக்கு அது வேறு தேசம். அம்மா பயந்தாள்.

"முப்பது வருசமா பின்வாசல்ல வந்தவங்கதான்டி. அங்க போயிட்டா யாருக்குத் தெரியும்? இந்த ஜூன்ல ஆர்டர் வரலன்னா மெஷினுக்கு ஒறைய மாட்டி மூடிட வேண்டியதுதான்."

அவள் சும்மா சொல்லவில்லை. சீருடைத் தையலில் ஒரு ஜூனை விட்டால் அந்தப் பெண்கள் வேறு ஆளிடம் பழகிவிடுவார்கள். அப்பாவுக்குப் பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் தைக்காத அம்மாவை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் பயம். அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதே எங்களுக்குப் புதிது. இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டால்?

"நான் இருக்கேன்ல" என்றேன். ஏறக்குறைய ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு எளிதான வாக்கியம்.

4

ஜனவரியில் அம்மாவுக்கு ஒரு பக்கம் செய்தேன். மடிப்பைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்றாள். போனில் மெதுவாகச் சொன்னாள், நான் தட்டச்சு செய்தேன்: "நாலு விரல் மடிப்பு விட்டுத் தைத்துத் தரப்படும்." பிறகு கைபேசித் திரையில் பார்த்தேன். அந்த வரியால், கடைக்கு வரைபடத்தில் வழி காட்டும் "வழி" என்ற பொத்தான் கீழே இறங்கிவிட்டது. மடிப்பு என்று யாரும் தேடமாட்டார்கள் என்பது என் தொழில் அறிவு. நீக்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தொலைபேசி எண்ணையும் அடியில் தள்ளிவிட்டு, "வழி" பொத்தானைக் கட்டைவிரலுக்கு நேராக வைத்தேன். பச்சை வந்தது.

இது எனக்குப் பழக்கம்தான் போலிருக்கிறது. அம்மா என் மகள் யாழினிக்குத் தைத்து அனுப்பிய கவுனில் அதே மடிப்பு இருந்தது. மழலையர் பள்ளி ஆசிரியை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் முடிக்கப்படவில்லையா?" என்று கனிவாகக் கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, மடிப்பைக் கத்தரித்து ஓரம் அடித்தேன். நான்கே மாதத்தில் கவுன் முட்டிக்கு மேலே ஏறியது. அந்த ஆசிரியை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

முகவரிதான் சிக்கல். தேடுபவர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கடையைத்தான் தேடுபொறி முன்னால் காட்டும். தேடுகிற தாய்மார்கள் பிளாக்குகளுக்குள் இருக்கிறார்கள். வடக்குத்து என்று போட்டால் அம்மா பத்துப் பேருக்குப் பின்னால் போய்விடுவாள். பெற்றோர் இன்னும் குவார்ட்டர்ஸில்தானே இருக்கிறார்கள்? பிளாக் எண், சாலை, வீட்டு எண் எல்லாம் போட்டேன். அங்கே உண்மையிலேயே இருக்கிறீர்களா என்று உறுதிசெய்ய ஓர் அஞ்சலட்டை அந்த முகவரிக்குப் போனது. அம்மா அதிலிருந்த எண்ணைப் போனில் ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டே வாரத்தில் "நெய்வேலி யூனிஃபார்ம் தையல்" என்று தேடினால் அம்மா முதலிடத்தில் இருந்தாள்.

மார்ச்சில் அவர்கள் காலி செய்தார்கள். அன்றே முகவரியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் இடம் போய்விடும். புதிய அஞ்சலட்டை, புதிய காத்திருப்பு, நடுவே ஏப்ரலும் மேயும். சீசன் முடியட்டும், பிறகு மாற்றலாம் என்று நினைத்தேன். எப்படியும் போன் செய்துவிட்டுத்தானே வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் எண்ணை அடியில் தள்ளியவளும் நானேதான்.

நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. சுண்ணாம்பு அடிப்பது நிறுவனம், குழாயைப் பழுதுபார்ப்பது நிறுவனம், சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வதும் நிறுவனம்தான். ஆனால் எங்கள் சாதிச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரை எல்லாவற்றிலும் பெர்மனன்ட் முகவரி என்ற இடத்தில் அந்த பிளாக் எண்ணைத்தான் எழுதினோம். அதே ஏப்ரலில் விசா நீட்டிப்புக்காக இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் "சொந்த நாட்டில் நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் என் கை தானாகவே குவார்ட்டர்ஸை எழுதியது.

"அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி கேட்டார்.

"எனக்குத் தெரியாதவர்கள்" என்றேன். "என் பெற்றோர்" என்ற சொல் ஜெர்மன் மொழியில் எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லாமல் ஏன் உண்மையைச் சொன்னேன் என்று இன்றும் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில், பைத்தியமா, பொய்க்காரியா என்ற இரண்டு சந்தேகங்களும் இருந்தன. படிவத்தைத் திருப்பித் தந்து, சரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதைத் திருத்தி எழுதினேன், வடக்குத்து என்று. அதிகாரி கேட்டதும் ஒரே நாளில் திருத்தினேன். அம்மாவின் பக்கத்தைத் திருத்தவில்லை.

5

ஏப்ரல், மே முழுக்க வாரத்துக்கு ஒரு முறை அம்மாவுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். "அம்மா, இந்த வாரமும் நீதான் ஃபர்ஸ்ட்!" "வழி" பொத்தானை அழுத்துபவர்கள் வாராவாரம் கூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களெல்லாம் எங்கே போகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கோடு மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலும் அதைக் காட்டினேன். அப்படித்தான் யோர்க் கையில் அது சிக்கியது.

ஒன்று மட்டும் உறுத்தியது. எனக்கு மதிய இடைவேளை, அம்மாவுக்கு மாலை நாலரை. வழக்கமாகப் பேசும் நேரம். அந்த நேரத்தில் அம்மா போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்றாள். நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் ஊரின் வாசலில் உட்கார்ந்துகொண்டு சொல்லும் காரணமா இது என்று எரிச்சல்பட்டேன். ஞாயிறு பேசும்போது யாழினி திரையில் தெரிந்த அம்மாவின் முகத்தை விரலால் ஓரத்துக்குத் தள்ளினாள். பிடிக்காத படத்தை அப்படித்தான் தள்ளுவாள். அம்மா நகரவில்லை என்றதும் "நைன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஜெர்மனில் அது "வேண்டாம்" என்று அம்மாவுக்குத் தெரியாது. "என்னாடி சொல்றா குட்டி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். மொழிபெயர்ப்பில் நான் கெட்டிக்காரி.

6

மதிப்புரையைப் பார்த்த அன்று, கல்லறைக்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டுக்குப் போய் அப்பாவை அழைத்தேன். அவர் உடனே எடுத்தார்.

"அம்மா எங்கப்பா?"

"அவ… கொஞ்சம் வெளிய போயிருக்கா."

"பழைய குவார்ட்டர்ஸ் வாசல்லயா?"

பக்கத்தில் மொபெட் நிற்கும் சத்தம். "இந்தா, நீயே பேசு" என்று போனைக் கைமாற்றினார்.

"என்னாடி, இந்த நேரத்துல? புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு?"

"அம்மா, அங்க என்ன பண்ற நீ?"

"அளவு எடுத்துக்கினு இருக்கேன். இரு." யாரிடமோ, "கைய எறக்கு கண்ணு, ஏரோபிளேனா ஓட்டற?" என்றாள். பிறகு என்னிடம், "வரவங்க எல்லாம் இங்கதான்டி வராங்க. போன்ல அம்பு காட்டுதாம். நீதான அப்பிடிப் போட்டு வச்சிருக்க?"

"மாத்தச் சொல்லி எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? வாரா வாரம் படம் புடிச்சி அனுப்பற, ஃபர்ஸ்ட்டு ஃபர்ஸ்ட்டுன்னு. பள்ளிக்கூடத்துல ரேங்க் கார்ட நீட்டுவியே, அதே மாதிரி. அத எப்பிடி வாணாங்கறது?"

அவளே தொடர்ந்தாள். முதல் இரண்டு வாரம் வடக்குத்தில் மெஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாளாம். ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கும் பெண் போன் செய்திருக்கிறாள். பெயர் மகேஸ்வரி, திருநெல்வேலிப் பக்கம், கணவனுக்கு நிறுவனத்தில் வேலை புதிதாக பெர்மனன்ட் ஆகியிருக்கிறது. தினமும் நான்கு பேர் துணியோடு வந்து கேட்டைத் தட்டுகிறார்களாம்.

"பாவம், வழி சொல்லித்தான் அனுப்பியிருக்கா. வடக்குத்துன்னதும் 'அவ்ளோ தொலைவா'ன்னு வண்டியத் திருப்பிக்கினு பூடுதுங்க. அதான் நானே வந்துட்டேன். நாலுலேந்து ஆறு வரைக்கும். ஒங்கப்பாதான் முக்காலியும் நோட்டும் எடுத்துக்கினு வராரு. ரிட்டயர்டு ஆன மனுசனுக்கு ஒரு ஷிப்ட்டு கெடச்சிது."

பின்னாலிருந்து ஓர் இளம் குரல். "எத்தன மட்டம் சொல்லுதேன், உள்ள வந்து இருங்கன்னு. கேக்க மாட்டுக்காவ. வெயில்லயே இருக்காவ, நீங்களாவது சொல்லுங்கக்கா!"

"அவதான் மகேஸ்வரி" என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள போனா சமையக்கட்ட எப்பிடி வச்சிருக்கான்னு எட்டிப் பாக்கத் தோணும். பாத்துட்டா வாய் சும்மா இருக்காது. எதுக்கு வம்பு? காபி வெளியவே வந்துடுது."

"அம்மா, இன்னிக்கே முகவரிய மாத்திடறேன். ஆனா… மாத்தினா ஃபர்ஸ்ட் போயிடும். ரெண்டாம் பக்கத்துக்குப் போயிடலாம். சீசன் இன்னும் முடியல."

இதைச் சொல்லும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை கேட்ட பிறகும் இடத்தைப் பற்றித்தான் என் வாய் பேசுகிறது.

அம்மா சிரித்தாள். "போனா போவுட்டும்டி. அளவுதான் இங்க, டெலிவரி வடக்குத்துல. அங்க வந்துதான் வாங்கிக்கணும்னு சொல்லிட்டேன். ஒரு தரம் வந்து வூட்டப் பாத்துட்டாங்கன்னா அடுத்த வருசம் எந்தப் போனும் வேணாம், காலே வழி காட்டும். பாதிப் பேரு வந்து வாங்கிக்கினு பூட்டாங்க. ராத்திரி பகலா மெஷின் ஓடுது. நீ உன் வேலயப் பாரு."

பல மாதம் நான் வரைபடத்தில் முட்டிக்கொண்டிருந்ததை, ஒரு முக்காலியை வைத்து அவள் செய்து முடித்திருந்தாள். எங்கள் மாநாட்டில் கழுத்தட்டை மாட்டிக்கொண்டு பேச வேண்டியவள் அவள்தான். அங்கே அவளைப் பேச விடமாட்டார்கள். கிராமத்துத் தையற்காரி என்று சுவரில் படமாக மட்டும் மாட்டுவார்கள், நான் மாட்டியதுபோல.

7

அம்மா போனை வைக்காமல் முக்காலி ஓரத்தில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள். நான் துண்டிக்கவில்லை. மேஜைக்கு வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே பக்கத்தைத் திறந்தேன். பிளாக், சாலை, வீட்டு எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வடக்குத்து வீட்டு முகவரியைப் போட்டேன். புதிய அஞ்சலட்டை அனுப்பப்படும், அதுவரை இடம் மாறக்கூடும் என்று எச்சரிக்கை வந்தது. சம்மதம் கொடுத்தேன். பிறகு போன் எண்ணை அடியிலிருந்து மேலே கொண்டுவந்தேன்.

யோர்க் எட்டிப் பார்த்தார். "நன்றாகத்தானே இருக்கிறது? முதலிடத்தில் இருப்பதை ஏன் தொடுகிறாய்?"

"முகவரி தவறு" என்றேன். "அங்கே யாரோ குடியிருக்கிறார்கள். அம்மா இரண்டு மாதமாகத் தெருவில் உட்கார்ந்து அளவு எடுக்கிறார். சற்று முன் சுவரில் பார்த்தீர்களே, அதில் எழுதியிருந்தது அதுதான்."

யோர்க் நிமிர்ந்தார். அடுத்த வாடிக்கையாளருக்கு வேறு உதாரணம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் நான்தான் குறிப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

காதில் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. புதிதாக வந்த யாரோ ஒரு பெண், ஆயத்த உடையே மலிவாகக் கிடைக்கிறதே என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கங்க, யாரு வாணாங்கறது? ஆனா அதுல துணி இருக்காதும்மா. நான் நாலு வெரல் மடிப்பு வுட்டுத் தச்சித் தரேன். புள்ள வளந்தா பிரிச்சி வுட்டுக்கலாம். ரெண்டு வருசம் வரும். பிரிச்ச எடம் தெரிஞ்சா எங்கிட்ட கொண்டாங்க."

துணிப் பை திறக்கும் சரசரப்பு கேட்டது.

பக்கத்தின் உச்சியில், கடையின் பெயருக்கும் மேலே, அதை அவள் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். நான்கு வாக்கியம். "வழி" பொத்தான் திரையை விட்டே கீழே இறங்கிப்போனது. பரிசோதனையில் போட்டுப் பார்த்தேன். சிவப்பு.

சேமித்துவிட்டு, யாழினியைக் கூட்டிவரக் கிளம்பினேன்.